எல்லாக் கட்டமும் பச்சை

அத்தியாயம் 9

போன வாரம் தென்றலைப் பள்ளிக்கூட வாசலில் நிற்க விட்டுவிட்டு வந்தோம், நினைவிருக்கிறதா கண்ணுகளா? மடித்த நீலச் சீருடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அழவும் முடியாமல், வீட்டுக்கு வரவும் மனசில்லாமல் நின்றாளே. நர்ஸ் எய்ட் தேர்வு ரத்து என்று அன்றைக்குத்தான் அவள் வகுப்புக்குச் சொன்னார்கள்.

டல்லாஸுக்கு வடக்கே அவர்கள் இருக்கும் ஊரில், ஹைஸ்கூல் பிள்ளைகள் படிக்கும்போதே ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, அதற்கான சான்றிதழ்த் தேர்வையும் எழுதிவிட்டு வெளியே வரலாம். தென்றல் எடுத்த நர்ஸ் எய்ட் என்பது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வலிக்காமல் புரட்டுவது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது. பள்ளிக்குப் போவதற்கு முன்னால் முதியோர் இல்லத்தில் பயிற்சி. வகுப்பு நடத்திய மிஸ் டெல்கடோ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். தேர்வும் லேசுப்பட்டதில்லை. அதிகாரி ஒருவர் எதிரே நிற்க, கையால் செய்து காட்ட வேண்டும். வாயால் சொன்னால் மார்க் கிடையாது.

தேர்வு ரத்தானதை அம்மா புஷ்பவல்லியிடம் மட்டும் சொல்லியிருந்தாள் தென்றல். ஏன் ரத்தானது என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா நஞ்சப்பனுக்கு ஒன்றுமே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இன்றைக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் பள்ளி ஆடிட்டோரியத்தில் தனக்கு ஒரு ஷீல்டு கொடுக்கப் போகிறார்கள் என்பதுதான்.

இஸ்திரி போட்ட சட்டையோடு, கைக்கு ஒரு டையாகத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். எது நன்றாக இருக்கும் என்று மனைவியைக் கேட்டார். புஷ்பவல்லி குக்கரில் அரிசி பருப்பு சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, சிவப்பு என்றாள்.

தென்றல் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் சீரியல் பாலில் ஊறிக் கூழாகிக் கிடந்தது.

அப்பாவிடம் அவள் எப்போதும் தமிழில்தான் பேசுவாள். அம்மாவிடம் இங்கிலீஷ், அப்பாவிடம் தமிழ். சின்ன வயசிலிருந்தே அப்படி ஒரு ஒப்பந்தம் அவர்களுக்குள்.

"அப்பா, நவம்பர்ல கேஃபடீரியால எங்க எல்லாரையும் உக்கார வச்சு ஒரு சேஃப்டி டெஸ்ட் குடுத்தாங்கல்ல. அது யாரோட ஐடியா?"

நஞ்சப்பனின் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ற ஐடியாதான் அம்மிணி. அதுக்குத்தான இன்னைக்கு ஷீல்டே குடுக்கறாங்க."

நின்றபடியே கதையைச் சொன்னார். அவர் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் புராஜெக்ட் மேனேஜராக இருப்பவர். பள்ளியின் தொழிற்கல்வி ஆலோசனைக் குழுவில் பெற்றோர் சார்பாகவும் இருந்தார். சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் போதாமல், போன வருஷம் மாநிலத்துக்குப் போன ரிப்போர்ட்டில் இந்தப் பள்ளியின் சான்றிதழ்க் கட்டம் சிவப்பாகிவிட்டது. தொழிற்கல்விப் பிரிவுக்குத் தலைவரான மிஸ்டர் ஹாலோவே கூட்டத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். நஞ்சப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கஷ்டமான சான்றிதழுக்கும் சுலபமான சான்றிதழுக்கும் கணக்கில் வித்தியாசம் உண்டா? இல்லை, ஒரு பிள்ளையிடம் ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்றார் ஹாலோவே. அப்புறம் எதற்குக் கஷ்டமானது? இருப்பதிலேயே சுலபமானதாக, வேலையிடப் பாதுகாப்பு பற்றிய ஒன்றை எடுத்து, வெல்டிங் பிள்ளைகள், முடி வெட்டப் படிக்கிற பிள்ளைகள், நர்ஸிங் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் எழுத வைத்துவிட்டார்கள். மொத்தப் பள்ளியும் பச்சை. அதைக் கலர் கட்டங்களாகக் காட்டுகிற டாஷ்போர்டையும் அவரே ஒரு வாரக்கடைசியில் உட்கார்ந்து செய்து கொடுத்தார், இனாமாக.

"கிளையன்ட் கால் வர்றதுக்கு முன்னாடி நாங்க பண்றதுதான் கண்ணு. சிவப்பு எங்க இருக்குன்னு பாக்கோணும், அதப் பச்சையாக்கோணும்."

"டெஸ்டுக்கு முன்னாடி எங்களுக்குக் குடுத்த ப்ராக்டிஸ் கேள்வி எல்லாம் எங்க கெடச்சுது?"

"நெட்ல கெடைக்கும். டம்ப்ஸ்னு பேரு. நாங்க எழுதற சர்டிபிகேஷன் பூரா அப்படித்தான."

பெருமை அடிக்கவில்லை அவர். நிஜமாகவே அவருக்குத் தெரிந்த சான்றிதழ் அதுதான். மாடியில் ஆபீஸ் அறைச் சுவர் நிறைய மாட்டி வைத்திருக்கிறார். எல்லாம் யாரோ எழுதிவிட்டு வந்து நெட்டில் போட்ட கேள்விகளை மனப்பாடம் செய்து வாங்கியவை. ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழே ஒரு வரி. சான்றிதழ் என்றால் அவருக்கு அவ்வளவுதான்.

தென்றல் ஸ்பூனைக் கீழே வைத்தாள். பிறகு அப்பாவிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள்.

அதைக் கேட்டதும் புஷ்பவல்லி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள்.

குரலை உயர்த்தவே இல்லை அந்தப் பெண். பயிற்சித் தாளில் இருந்த கேள்விகள் ஒன்றுவிடாமல் அப்படியே தேர்வில் வந்ததைச் சொன்னாள். மணி அடிப்பதற்கு முன்பே எல்லோரும் முடித்துவிட்டு ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். இந்தக் கல்வி மாவட்டம் ஒரு பிள்ளைக்கு ஒரு தேர்வுக்குத்தான் பணம் கட்டும். அந்த ஒன்றைக் கேஃபடீரியாவிலேயே தீர்த்துவிட்டார்கள். எல்லோர் கையிலும்தான் சான்றிதழ் இருக்கிறதே, நர்ஸ் எய்ட் தேர்வு எதற்கு என்று ஹாலோவே அந்தத் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மிஸ் டெல்கடோ இனி ஒன்பதாம் வகுப்புக்குச் சுகாதாரம் எடுக்கப் போகிறார். பயிற்சிக்கட்டில்களை வேறு எங்கோ கொண்டுபோகிறார்கள்.

அவளுடைய தோழி மரிசோலைப் பற்றியும் சொன்னாள். தேர்வில் பாஸானால் முதியோர் இல்லத்திலேயே மரிசோலுக்கு வேலை. நோயாளி அம்மாவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ். அது போய்விட்டது. இப்போது அந்தக் கேஃபடீரியாக் காகிதத்தைக் காட்டி ஒரு வேர்ஹவுஸில் பெட்டி தூக்கப் போகிறாள், வாரக்கடைசியில்.

"யூ மேட் அஸ் ஆல் க்ரீன், அப்பா," என்றாள்.

பையை எடுத்தாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள். அறைந்திருந்தால் நஞ்சப்பனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு டையும் அவர் கையில் அப்படியே தொங்கின. "நான் கேன்சல் பண்ணச் சொல்லலையே புஷ்பா," என்றார். அதோடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம். "அவ எப்படியும் காலேஜுக்குப் போறவதான. அந்த வேலையவா பண்ணப் போறா?"

புஷ்பவல்லி அடுப்பை அணைத்தாள்.

முதலில் அவளும் இந்தப் படிப்பு வேண்டாம் என்று சண்டை போட்டவள்தான். அமெரிக்கா வந்து நம் பிள்ளை ஊரார் மூத்திரச் சட்டியை எடுக்க வேண்டுமா என்று கேட்டு ஒரு வாரம் மகளிடம் பேசாமல் இருந்தாள். ஒருநாள் பயிற்சி முடியும்வரை காரிலேயே காத்திருந்தவள், பாத்ரூம் தேடி இல்லத்துக்குள்ளே போனாள். திறந்திருந்த ஒரு கதவு வழியாக மகளைப் பார்த்தாள். எலும்பும் தோலுமான ஒரு கிழவரைத் தென்றல் பக்கவாட்டில் புரட்டிக்கொண்டிருந்தாள். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டுத் தொட்டாள். இப்போது தோளைப் பிடிக்கப் போகிறேன், இப்போது காலை நகர்த்தப் போகிறேன் என்று. அவர் சரி என்று தலையை ஆட்டினால்தான் அடுத்தது. புஷ்பவல்லி காருக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். அதற்குப் பிறகு சண்டையே இல்லை. நஞ்சப்பன் ஒருநாளும் அந்த இல்லத்துப் பக்கம் போனதில்லை.

"அந்த வேலைன்னு சொன்னீங்கல்ல. அதுக்கு என்ன பேருங்க? சொல்லுங்க பாக்கலாம்."

அவர் கையிலிருந்த டைகளை மடிக்க ஆரம்பித்தார்.

"பெத்த பொண்ணு ரெண்டு வருஷமாப் பண்ற வேலைக்குப் பேரு சொல்ல உங்களுக்கு வாய் வர்ல. ஊர்ல கேட்டா டாக்டருக்குப் படிக்கறா, ஃப்ரெண்ட்ஸ் கேட்டா ப்ரீ-மெட்டு. வெக்கமா இருந்தா எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமுங்க. இப்படிப் புள்ளைங்க பரீட்சையே இல்லாமப் பண்ணிப்போட்டீங்களே."

அவளிடமிருந்து இவ்வளவு சூடான வார்த்தைகளை அவர் கேட்டு வெகுகாலம் ஆகிறது. பரீட்சையை நிறுத்தியது ஹாலோவே, தான் ஒரு யோசனைதான் சொன்னேன் என்று ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. கார் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஸ்கூலுக்குப் போலாம். எடுங்க வண்டிய."

ஹாலோவே இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து நஞ்சப்பனின் தோளைத் தட்டினார். சிரித்த முகம், கனிவான மனிதர். கெடுதல் செய்கிறவர் முகம் கெட்ட முகமாக இருந்துவிட்டால் உலகத்தில் பாதித் தொல்லை குறைந்துவிடும். அவர் அறைச்சுவரில் பெரிய டிவி. அதில் நஞ்சப்பன் செய்த டாஷ்போர்டு. எல்லாக் கட்டமும் பச்சை.

நஞ்சப்பன் கிளையன்ட்டிடம் பேசுவதுபோல் தணிந்து பேசினார். எங்கோ சின்னக் குழப்பம் நேர்ந்துவிட்டது, நர்ஸ் எய்ட் தேர்வை மறுபடி வைக்க வேண்டும் என்றார். ஹாலோவே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, குழப்பம் எதுவும் இல்லையே, உங்கள் மகள் சான்றிதழ் பெற்றவள், பள்ளியில் எல்லோருமே பெற்றவர்கள் என்றார். நஞ்சப்பன் கிரெடிட் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். வகுப்பு மொத்தத்துக்கும் தானே கட்டுவதாகச் சொன்னார்.

ஹாலோவே கார்டை மெல்ல அவர் பக்கமே நகர்த்தினார். பணம் பிரச்சினையில்லை. தேர்வு அதிகாரியின் தேதி வேறு பள்ளிக்குப் போய்விட்டது. இன்னொரு தேதி கேட்க வேண்டுமானால் மாவட்டத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமானால் தேவை இருப்பதாகக் காட்ட வேண்டும். அவர் டிவியைக் கை காட்டினார்.

"தேவையே இல்லைன்னு உங்க சார்ட்டே சொல்லுதே."

அதுவரை நின்றுகொண்டே இருந்த புஷ்பவல்லி இங்கிலீஷிலேயே ஒரு கேள்வி கேட்டாள். கேஃபடீரியாவில் பரீட்சை எழுதின பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அவர்கள் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை அதனால் கிடைத்தது?

நல்ல கேள்வி என்றார் ஹாலோவே. ஆனால் ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் தாங்கள் அதைப் பார்ப்பதில்லை என்றார்.

புஷ்பவல்லி புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா. அதுக்குக் கட்டமே இல்லியாமா."

வழியனுப்ப வந்த ஹாலோவே, புஷ்பவல்லி முன்னே போகட்டும் என்று காத்திருந்து, நஞ்சப்பனிடம் மட்டும் பேசினார். இன்றைக்கு மாவட்டத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். நாளைக்கு இந்தக் கணக்கு மாநிலத்துக்குப் போகிறது. அந்தப் பயிற்சித் தாள் எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் மறக்கவில்லை. அது யார் கொடுத்தது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதும் இல்லை.

இதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நஞ்சப்பனுக்குப் புரிந்தது. வங்கிக் கான்ட்ராக்டில் இருக்கிற மனிதர், இத்தனை வருஷம் ஆகியும் க்ரீன் கார்டு வராத மனிதர். திருட்டுக் கேள்வித்தாள் கொடுத்தார் என்று ஒரு வரி வெளியே வந்தால் போதும்.

காரில் வரும்போது அதை மனைவியிடம் சொன்னார். "வெளிய தெரிஞ்சா எல்லாம் போயிரும் புஷ்பா."

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃப்ரீவே ஓரத்துக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது," என்றாள். "அதுக்காகக் காலைல நான் சொன்னது இல்லைன்னு ஆயிராது."

சாயங்காலம் ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. தமிழ்ச் சங்கத்து ஜலஜா, சங்கத்துக்கே பெருமை என்று ரோஜாக் கொத்தோடு வந்து புஷ்பவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, ஃபோனில் வீடியோவைத் தயாராக வைத்துக்கொண்டாள். நஞ்சப்பன் சிவப்பு டை கட்டியிருந்தார்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. தென்றல் வந்தாள். விழாவுக்கென்று அம்மா எடுத்து வைத்த உடுப்பு இல்லை, நீலச் சீருடை. அவள் பின்னால் மரிசோல். அவர்களுக்குப் பின்னால் அந்த வகுப்பு முழுவதும் அதே நீலத்தில். பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய உடுப்பு அது. ஒரு சத்தமும் போடாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஜலஜா, ட்ராமா போடறாங்களா என்று கேட்டாள். புஷ்பவல்லி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடைத்திரையில் டாஷ்போர்டு வந்தது. கூட்டம் கை தட்டியது. முன்வரிசை மட்டும் மடியில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. ஹாலோவே நஞ்சப்பனின் பெயரை அழைத்தார். ஷீல்டைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

நஞ்சப்பன் மைக் முன்னால் நின்றார். சட்டைப் பையில் நன்றியுரை இருந்தது. எடுக்கவில்லை. முன்வரிசையின் நீலத்தைப் பார்த்தார். மாவட்டத்திலிருந்து வந்திருந்த அம்மாள் ஊக்கப்படுத்துவதுபோல் சிரித்தார்.

பிறகு அவர் பேசியது நீளமே இல்லை. இந்தப் பச்சைக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்றார். நவம்பர் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுத்தது பயிற்சித் தாள் இல்லை, தேர்வுக் கேள்விகளே அவைதான், நெட்டிலிருந்து எடுத்து நான்தான் கொடுத்தேன், அவை அப்படியே வரும் என்று தெரிந்துதான் கொடுத்தேன் என்றார். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து. சிரிப்பு பாதியில் நின்றது.

ஹாலோவே மைக்கை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நஞ்சப்பன் விடவில்லை.

"என் மகள் நர்ஸ் எய்ட். படுக்கையில் கிடக்கிறவங்களக் குளிப்பாட்டி விடுவா, அவங்க பெட்பேன் எடுப்பா. இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவளுக்கும் அவ வகுப்புக்கும் அந்தப் பரீட்சை வேணும்."

மைக் செத்துப்போனது. யார் அணைத்தார்களோ தெரியவில்லை. மாவட்டத்து அம்மாள் எழுந்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இப்போது இல்லை. ஹாலோவேயைப் பார்த்து, யாரும் போகாதீர்கள், இப்போதே பேச வேண்டும் என்றார். ஜலஜாவின் ஃபோன் எப்போதோ கீழே இறங்கியிருந்தது. புஷ்பவல்லி கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வேலையின் பேர் அவர் வாயில் வந்துவிட்டது. பயமும் கூடவே வந்துவிட்டது.

காலையிலிருந்து முதல் தடவையாகத் தென்றல் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். ஷீல்டை மைக் மேஜையிலேயே வைத்துவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து அவர் இறங்கி வருவதைப் பார்த்தாள். அவளையும் அறியாமல் இருக்கையிலிருந்து பாதி எழுந்தாள்.

பக்கத்தில் மரிசோல் எழவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய கணக்கில் தன் பெயருள்ள ஒரு துளிப் பச்சையைத் தேடுகிறவள்போல.

நஞ்சப்பன் அவர்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தார். மகள் முகத்தைத்தான் தேடி வந்தார் மனிதர். முந்திக்கொண்டது மரிசோல். கோபம்தான், ஆனால் கத்தவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் எனக்கு வேர்ஹவுஸ்ல வேலை கொடுத்தாங்க, மிஸ்டர் நஞ்சப்பன். நாளன்னைக்கு முதல் நாள். நான் போகலாமா, கூடாதா?"

தென்றல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பதிலுக்காக அவளும் அப்பாவைத்தான் பார்த்தாள்.